ஆக்டிவ் டைரக்டரியில் பயனர் கணக்குகளை மொத்தமாக மாற்றும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஒரு நிறுவனத்தின் பயனர் கணக்குகளை வைத்திருக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியில், பவர்ஷெல் என்ற கட்டளைக் கருவிக்கு எழுதிய ஸ்கிரிப்ட் பாதியில் சிவப்பு எழுத்தைக் காட்டி நின்றுவிட்டால் பதற வேண்டாம். எங்கே நின்றது என்று தெரியும், காரணமும் பெரும்பாலும் திரையிலேயே இருக்கும். உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பிழையும் காட்டாமல் ஓடி முடித்து, தவறான மதிப்பை ஐந்நூறு பேருக்கு எழுதிவிட்டுப் போகும் ஸ்கிரிப்ட்தான் ஆபத்தானது. அதனால் சத்தம் போடும் பிழைகளை இங்கே சுருக்கமாக முடித்துவிட்டு, சத்தமில்லாதவற்றில் நிதானமாக நிற்கிறோம். கட்டளைகளும் பண்புகளும் (கணக்கில் உள்ள பதவி, துறை போன்ற புலங்கள்) ஒலிப்படி தமிழ் எழுத்தில் உள்ளன.

எந்த அறிகுறியானாலும் ஒரு விதி பொது: அதே ஸ்கிரிப்டை உடனே இன்னொரு முறை ஓட்டாதீர்கள். தொடக்கத்தில் பழைய மதிப்புகளை ஒரு கோப்பில் சேமிக்கும் ஸ்கிரிப்டாக இருந்தால், இரண்டாவது ஓட்டம் அந்தக் கோப்பின் மேலேயே பாதி மாறிய மதிப்புகளை எழுதிவிடும். திரும்பிப் போக இருந்த ஒரே வழியும் அதோடு அடைபடும். முதலில் அந்தக் கோப்பை வேறு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். பிறகு படியுங்கள்.

ஸ்கிரிப்ட் தொடங்கவே மறுக்கிறது

"கெட்-ஏடியூசர்" என்ற கட்டளையே தெரியாது என்று பவர்ஷெல் சொன்னால், அந்தக் கணினியில் ஆக்டிவ் டைரக்டரி மாட்யூல் இல்லை. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து இந்த நிர்வாகக் கருவிகளைத் தனியாகப் பதிவிறக்க வேண்டியதில்லை. செட்டிங்ஸில் விருப்ப அம்சங்கள் பகுதியிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

ஸ்கிரிப்ட் ஓட்டுவதற்குத் தடை என்று வந்தால் அது எக்ஸிகியூஷன் பாலிசி, அதாவது எந்த ஸ்கிரிப்டை ஓட்டலாம் என்ற பவர்ஷெல் விதி. கணினி முழுவதற்கும் தளர்த்தாதீர்கள், அந்த ஒரு பவர்ஷெல் ஜன்னலுக்கு மட்டும், பிராசஸ் அளவில் தளர்த்தினால் போதும்.

ஆக்டிவ் டைரக்டரி வெப் சர்வீசஸ் ஓடும் சர்வர் கிடைக்கவில்லை என்று வந்தால் டொமைன் கன்ட்ரோலரில் (டைரக்டரியை வைத்திருக்கும் சர்வர்) அந்தச் சர்வீஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் நடுவில் உள்ள ஃபயர்வால் 9389 என்ற டிசிபி போர்ட்டை அடைத்திருக்கும். டைரக்டரியோடு பேசும் வழக்கமான எல்டாப் நெறிமுறையின் போர்ட் 389 திறந்திருக்கிறதே என்று இங்கே ஏமாறக் கூடாது. பவர்ஷெல் மாட்யூல் அந்த வழியாகப் போவதில்லை.

பெரும்பாலோருக்கு மாறியது, சிலருக்கு மட்டும் "அனுமதி இல்லை"

அந்தச் சிலரைப் பட்டியலிட்டு, அவர்களின் அட்மின்கவுண்ட் பண்பைப் பாருங்கள். மதிப்பு 1 என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. டொமைன் அட்மின்ஸ், அக்கவுண்ட் ஆபரேட்டர்ஸ், பேக்கப் ஆபரேட்டர்ஸ் போன்ற பாதுகாக்கப்பட்ட குழுக்களில் இருக்கும் கணக்குகளுக்கு, பிடிசி எமுலேட்டர் என்ற சிறப்புப் பொறுப்பில் உள்ள டொமைன் கன்ட்ரோலர் 60 நிமிடத்துக்கு ஒரு முறை அனுமதிப் பட்டியலைத் திருத்தி எழுதும். அட்மின்எஸ்டிஹோல்டர் என்ற டைரக்டரிப் பொருளில் (ஆப்ஜெக்ட்) உள்ள அனுமதிகள்தான் மாதிரி. ஓயூ-விலிருந்து (கணக்குகளைப் பிரித்து வைக்கும் கொள்கலன்) இறங்கி வரும் அனுமதிகள் அப்போது துண்டிக்கப்படும். அதனால் உதவி மையத்துக்கு ஓயூ அளவில் கொடுத்த உரிமை இவர்களிடம் செல்லாது.

அந்தக் கணக்கில் கையால் அனுமதி சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்குள் காணாமல் போகும், மறுபடி அதே புகார் வரும். இன்றும் அந்தக் குழுவில் இருப்பவர் என்றால் அவர் கணக்கை உரிய நிர்வாகியே மாற்றட்டும், அந்தப் பாதுகாப்பு சரியானதே. எப்போதோ குழுவிலிருந்து நீக்கப்பட்டவர் என்றால் அட்மின்கவுண்ட் மதிப்பும் துண்டித்த நிலையும் தானாகப் பழையபடி திரும்பாது. மதிப்பை அழித்து, பாதுகாப்புத் தாவலின் மேம்பட்ட பகுதியில் அனுமதி இறங்கி வருவதை மறுபடி இயக்க வேண்டும்.

கணக்கை வேறு ஓயூ-வுக்கு நகர்த்தும்போது மட்டும் அனுமதி மறுக்கப்பட்டால் அது வேறு கதை: தவறி நீக்காமல் காக்கும் குறி அந்தப் பொருளில் போட்டிருக்கும். குறியை எடுத்து, நகர்த்தி, மறுபடி போடுங்கள்.

எண்ணிக்கை 100, 1000, 2000, 5000 என்று உருண்டையாக நிற்கிறது

ஆயிரத்து அறுநூறு பேர் இருக்கும் இடத்தில் சரியாக ஆயிரம் பேருக்கு மட்டும் மாற்றம் நடந்தால் அது தற்செயல் அல்ல, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரம்பு உண்டு. டிஎஸ்குவரி என்ற தேடல் கட்டளை தானாக 100 முடிவுகளோடு நிறுத்திக்கொள்ளும். லிமிட் 0 என்று கொடுத்தால் முழுப் பட்டியல் வரும். பழைய ஏடிஎஸ்ஐ முறையில் எழுதிய ஸ்கிரிப்டில் பேஜ்சைஸ் (ஒரு பக்கத்துக்கு எத்தனை முடிவுகள்) குறிப்பிடவில்லை என்றால் சர்வர் 1000-இல் நிறுத்தும். யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸ் என்ற நிர்வாக ஜன்னல் (கீழே "ஜன்னல்" என்பது இதுதான்) ஒரு கொள்கலனில் 2000 பொருள்களைத்தான் காட்டும். அங்கே எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து மாற்றினால், கண்ணுக்குத் தெரியாதவை மாறாது. ஃபில்டர் விருப்பத்தில் அந்த எண்ணைக் கூட்டலாம். குழு உறுப்பினர்களை எடுக்கும் கெட்-ஏடிகுரூப்மெம்பர் 5000-ஐத் தாண்டினால் அளவு மீறியது என்று பிழையே தந்துவிடும். குழுவின் மெம்பர் பண்பை நேரடியாகப் படிப்பது அதற்கு மாற்று.

எண்ணிக்கை உருண்டையாக இல்லாமல், ஸ்கிரிப்ட் அரை மணி நேரம் ஓடிய பிறகு எனுமரேஷன் கான்டெக்ஸ்ட் செல்லாது என்று விழுந்தால், குழாய்க்குறி போட்டு ஒரே வரியில் எழுதியிருப்பீர்கள். ஒருபுறம் பட்டியல் வந்துகொண்டிருக்க, மறுபுறம் ஒவ்வொருவராக மாற்றிக்கொண்டிருக்கும் அமைப்பு அது. சர்வர் அந்தத் தேடலை 30 நிமிடம்தான் திறந்து வைத்திருக்கும். முழுப் பட்டியலையும் முதலில் ஒரு மாறியில் வாங்கி வைத்துவிட்டு, அதன் மேல் சுழற்சியை ஓட்டுங்கள்.

பிழை ஒன்றிரண்டுதான், ஆனால் ஒருவரின் விவரம் இன்னொருவர் கணக்கில் ஏறியிருக்கிறது

இதை ஒரு முறை கிட்டத்தில் பார்த்துவிட்டால் பிறகு எந்த ஸ்கிரிப்டிலும் கண்ணில் படும். சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) மூன்று வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: கமலா, கணக்காளர்; முருகன், ஓட்டுநர்; செல்வி, மேலாளர். முருகன் வேலையை விட்டுப் போய் அவர் கணக்கு நீக்கப்பட்டுவிட்டது. சுழற்சிக்குள் முதல் வரி கணக்கைத் தேடி ஒரு மாறியில் போடுகிறது, அடுத்த வரி அந்த மாறியில் உள்ளவருக்குப் பதவியை எழுதுகிறது.

கமலா கிடைக்கிறார், கணக்காளர் என்று எழுதப்படுகிறது. அடுத்து முருகனைத் தேடும்போது அப்படி ஒருவர் இல்லை என்று பிழை வருகிறது. தேடல் தோற்றதால் மாறிக்குப் புது மதிப்பு ஏறவில்லை. உள்ளே இன்னும் கமலாதான். சுழற்சியோ நிற்காமல் அடுத்த வரிக்குப் போகிறது. கமலா ஓட்டுநர் ஆகிறார். திரையில் தெரிவது "முருகன் இல்லை" என்ற ஒரே பிழை. முருகன் போனவர்தானே என்று எல்லோரும் அதைத் தாண்டிவிடுகிறார்கள். கமலாவின் பதவி மாறியதை யாரும் பார்ப்பதில்லை.

பிழையை மறைக்கும் எரர்ஆக்‌ஷன் அமைப்பு இங்கே உதவாது. ஐடென்டிட்டி கொடுத்துத் தேடும்போது ஆள் இல்லை என்றால் அது எப்படியும் பிழையை எறியும். இரண்டு காப்புகள் உண்டு, இரண்டையும் போடுங்கள். சுழற்சியின் முதல் வரியிலேயே மாறியைக் காலி செய்யுங்கள். தேடலையும் எழுதுவதையும் ஒரே ட்ரை-கேட்ச் (பிழை வந்தால் பிடித்துக்கொள்ளும்) பகுதிக்குள் வையுங்கள். தேடல் தோற்றால் எழுதும் வரிக்கே போகக் கூடாது. கேட்ச் பகுதியில் அந்தச் சிஎஸ்வி வரி முழுவதையும் தனிக் கோப்பில் சேருங்கள், பிறகு அந்தப் பட்டியலை மட்டும் கையால் பார்த்துக்கொள்ளலாம்.

ஏற்கனவே இப்படி நடந்துவிட்டதா என்று அறிய, கோப்பில் இருந்தும் டைரக்டரியில் இல்லாத பெயர்களுக்கு நேர் முந்தைய வரியில் இருப்பவர்களைப் பாருங்கள். பாதிப்பு அவர்களிடம்தான் இருக்கும்.

ஒரு பண்பு எல்லோருக்கும் காலியாகிவிட்டது

சிஎஸ்வி-யின் தலைப்பு வரியைத் திறந்து, ஸ்கிரிப்டில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். தலைப்பில் ஒரு எழுத்துப்பிழை, அல்லது பெயருக்குப் பின் ஓர் இடைவெளி இருந்தால் போதும். அப்படி ஒரு நெடுவரிசையே இல்லாததால் பவர்ஷெல் நல் (null, எதுவுமே இல்லை என்ற) மதிப்பைத் தரும். செட்-ஏடியூசர் நல் மதிப்பைக் கண்டால் அந்தப் பண்பை அழித்துவிடும், ஒரு பிழையும் வராது. கட்டம் மட்டும் காலியாக இருந்து வெற்றுச் சரம் (எழுத்தே இல்லாத உரை) வந்தாலோ பிழை தந்து நிற்கும். அதாவது சின்னத் தவறுக்குச் சத்தம் போட்டு, பெரிய தவறை அமைதியாக விட்டுவிடுகிறது.

ஸ்கிரிப்டின் தலையில் செட்-ஸ்ட்ரிக்ட்மோட் போட்டால், இல்லாத நெடுவரிசையைத் தொட்டவுடன் பிழை எறியும். எந்த மொத்த வேலையிலும் இந்த ஒரு வரியை விடாதீர்கள். வேண்டுமென்றே ஒரு பண்பை அழிக்க விரும்பினால் கிளியர் என்ற அளபுருவை (கட்டளைக்குக் கொடுக்கும் விருப்பம்) வெளிப்படையாக எழுதுங்கள். படிப்பவருக்கும் எண்ணம் புரியும்.

எல்லா நெடுவரிசையும் ஒரே நெடுவரிசையாக ஒட்டிக்கொண்டு வந்தால் பிரிப்புக்குறியைப் பாருங்கள். கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்து எக்ஸெல் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி போட்டுச் சேமிக்கும். டிலிமிட்டரைக் குறிப்பிட்டுப் படித்தால் சரியாகிவிடும்.

பெயர்கள் கேள்விக்குறியாகவும், பணியாளர் எண்கள் குட்டையாகவும் வந்திருக்கின்றன

விண்டோஸ் பவர்ஷெல் 5.1-இல் எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஆஸ்கி குறியாக்கத்தில் எழுதும். தமிழ் எழுத்து, உச்சரிப்புக் குறி உள்ள எழுத்து எல்லாம் அப்போதே கேள்விக்குறி ஆகிவிடும். பிறகு எந்தக் குறியாக்கத்தில் திறந்தாலும் மீளாது. எடுக்கும்போதே யுடிஎஃப்8 என்று குறிப்பிடுங்கள். எக்ஸெலில் சேமிக்கும்போதும் சிஎஸ்வி யுடிஎஃப்-8 வகையையே தேர்ந்தெடுங்கள்.

எண்களை எக்ஸெல் எண்ணாகவே பார்க்கும். 004512 என்ற பணியாளர் எண் 4512 ஆகும், நீண்ட எண் அறிவியல் வடிவத்துக்கு மாறும். கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், டேட்டா தாவல் வழியாக இறக்கி, அந்த நெடுவரிசையை உரை என்று அறிவியுங்கள்.

மாற்றினோம், ஆனால் பழைய மதிப்பே தெரிகிறது

முதலில் நீங்கள் எழுதியதும் பார்ப்பதும் ஒரே டொமைன் கன்ட்ரோலரா என்று உறுதி செய்யுங்கள். ஒரே தளத்துக்குள் (சைட், அதாவது ஒரே வேகமான நெட்வொர்க்) மாற்றம் சில நொடிகளில் அடுத்த கன்ட்ரோலருக்குப் போகும். தளங்களுக்கு இடையே இயல்பான இடைவெளி 180 நிமிடம், குறைத்தாலும் 15-க்குக் கீழே போகாது. எழுதும் கட்டளை, சரிபார்க்கும் கட்டளை எல்லாவற்றிலும் சர்வர் அளபுருவில் ஒரே கன்ட்ரோலரின் பெயரைக் கொடுங்கள். ரெப்அட்மின் கருவியின் ஷோஆப்ஜ்மெட்டா, எந்தப் பண்பு எப்போது எந்தக் கன்ட்ரோலரில் மாறியது என்று காட்டும்.

டைரக்டரியில் புதிய மதிப்பு இருக்கிறது, பயனரின் கணினியில்தான் இல்லை என்றால் அது குழு உறுப்புரிமையாக இருக்கலாம். வெளியேறி மறுபடி உள்நுழைந்தால்தான் புதிய குழு அவருடைய டோக்கனில் (உள்நுழையும்போது கிடைக்கும் அடையாளச் சான்று) ஏறும்.

கெட்-ஏடியூசரில் பதவி, துறை எல்லாம் காலியாகத் தெரிந்தால் பெரும்பாலும் எதுவும் தவறில்லை. அது தானாகக் காட்டுவது சில அடிப்படைப் பண்புகளை மட்டுமே. மற்றவற்றை பிராப்பர்டீஸ் அளபுருவில் கேட்க வேண்டும். கேட்காமல் பார்த்துவிட்டு மாற்றம் நடக்கவில்லை என்று மறுபடி எழுதுவது அடிக்கடி நடக்கிறது.

ஜன்னலில் பலரைத் தேர்ந்தெடுத்து மாற்றியவர்களுக்கு ஒரு குறிப்பு: ஒவ்வொரு புலத்தின் இடப்பக்கமும் உள்ள சிறு பெட்டியில் குறி போட்டால்தான் அந்தப் புலம் எழுதப்படும்.

முடக்கிய கணக்குகளைத் திறந்தோம், மறுநாள் சர்வீஸ்கள் விழுந்தன

யூசர்அக்கவுண்ட்கன்ட்ரோல் பண்பில் எல்லோருக்கும் 512 என்று நேரடியாக எழுதியிருப்பீர்கள். இது பல குறிகளின் கூட்டுத்தொகை. 512 என்பது சாதாரணக் கணக்கு. முடக்கப்பட்டது என்பதற்கு 2, கடவுச்சொல் தேவையில்லை என்பதற்கு 32, கடவுச்சொல் காலாவதி ஆகாது என்பதற்கு 65536, ஸ்மார்ட் கார்டு கட்டாயம் என்பதற்கு 262144. காலாவதி ஆகாத, முடக்கப்பட்ட ஒரு சர்வீஸ் கணக்கின் மதிப்பு 66050. அதைத் திறந்தால் 66048 ஆக வேண்டும். 512 என்று எழுதினால் காலாவதி ஆகாது என்ற குறியும் சேர்ந்து போய்விடும். கடவுச்சொல் போட்டு ஆண்டுகள் ஆகியிருந்தால் அந்த நொடியே அது காலாவதியான கணக்கு.

இந்த எண்ணைக் கையால் தொடாதீர்கள். திறக்க எனேபிள்-ஏடிஅக்கவுண்ட், மற்ற குறிகளுக்கு செட்-ஏடிஅக்கவுண்ட்கன்ட்ரோல் இருக்கின்றன. அவை தங்கள் பிட்டை மட்டும் மாற்றும். கூடவே, மதிப்பு 544 என்று இருக்கும் கணக்குகளைத் தேடிப் பாருங்கள். அவை கடவுச்சொல் இல்லாமலும் இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்டவை.

அடுத்த உள்நுழைவில் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்று எல்லோருக்கும் போட்டபின், தொலைவிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் வருபவர்கள் மட்டும் நுழைய முடியாமல் தவித்தால், காரணம் நெட்வொர்க் அளவிலான சரிபார்ப்பு. இணைப்பு திறக்கும் முன்பே கடவுச்சொல் சோதிக்கப்படுகிறது, மாற்றும் திரை வரவே வழியில்லை. அவர்களுக்கு மட்டும் அந்தக் குறியை எடுத்துவிட்டு, உள்ளே வந்தபின் கன்ட்ரோல், ஆல்ட், எண்ட் அழுத்தி மாற்றச் சொல்லுங்கள்.

மாற்றியபின் கணக்குகள் பூட்டிக்கொண்டே இருந்தால், கைப்பேசியிலோ பழைய செஷனிலோ பழைய கடவுச்சொல் இன்னும் முயன்றுகொண்டிருக்கும். பிடிசி எமுலேட்டரின் பாதுகாப்புப் பதிவில் 4740 என்ற நிகழ்வு, எந்தக் கணினியிலிருந்து வருகிறது என்று சொல்லும்.

கணக்குகள் ஒரு நாள் முன்னதாகவே காலாவதி ஆகின்றன

ஜன்னலில் 31-ஆம் தேதி என்று தேர்ந்தெடுத்தால் அந்த நாளின் முடிவு வரை என்று பொருள். உள்ளே 1-ஆம் தேதி நள்ளிரவாகப் பதிவாகும். பவர்ஷெலில் 31 என்று கொடுத்தால் 31 பிறக்கும் நள்ளிரவிலேயே கணக்கு முடிந்துவிடும். ஸ்கிரிப்டில் எப்போதும் ஒரு நாள் கூட்டிக் கொடுங்கள்.

நாளும் மாதமும் இடம் மாறுவது இதைவிட மோசம். 05/04 என்ற சரத்தைத் தேதியாக மாற்றும்போது பவர்ஷெல் மாதத்தைத்தான் முதலில் படிக்கும், எனவே அது மே 4. 25/04 என்று வந்தால் பிழை தரும், 12 வரையுள்ள நாள்கள் மட்டும் சத்தமில்லாமல் தவறாகப் போகும். சிஎஸ்வி-யில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை மட்டும் அனுமதியுங்கள்.

மின்னஞ்சல் முகவரிகள், ஹோம் கோப்புறை, நாடு

ஒருவரின் மின்னஞ்சல் முகவரிகளை வைத்திருக்கும் பிராக்ஸிஅட்ரசஸ் பல மதிப்புகள் கொண்ட பண்பு. ரீப்ளேஸ் கொடுத்தால் இருந்த எல்லா முகவரியும் போய், நீங்கள் கொடுத்தது மட்டும் நிற்கும். சேர்க்க ஆட் அளபுருவே சரி.

ஹோம் கோப்புறைப் பாதையில் விழுக்காட்டுக் குறிகளுக்கு நடுவே யூசர்நேம் என்று எழுதினால் ஜன்னல் அதைப் பயனர் பெயராக மாற்றி, கோப்புறையையும் உருவாக்கும். பவர்ஷெல் அந்தக் குறியை அப்படியே எழுதி வைக்கும், கோப்புறையை உருவாக்காது. பாதையையும் கோப்புறையையும் அனுமதியையும் ஸ்கிரிப்டிலேயே செய்ய வேண்டும்.

நாட்டை ஜன்னல் மூன்று பண்புகளில் எழுதும்: ஈரெழுத்துக் குறியீடு, முழுப்பெயர், எண். செட்-ஏடியூசரின் கன்ட்ரி அளபுரு ஈரெழுத்தை மட்டும் மாற்றும். மற்ற இரண்டையும் ரீப்ளேஸ் வழியாக நீங்களே எழுதுங்கள்.

பயன்படுத்தும் கணக்குகளே முடக்கப்பட்டுவிட்டன

ஒருவர் கடைசியாக நுழைந்த நேரத்தைக் காட்டும் லாஸ்ட்லாகான் என்ற பண்பு கன்ட்ரோலர்களுக்கு இடையே பரவாது. நீங்கள் கேட்ட கன்ட்ரோலரில் ஒருவர் நுழைந்ததே இல்லை என்றால், தினமும் வேலை செய்பவரும் அங்கே தூங்குபவராகத் தெரிவார். லாஸ்ட்லாகான்டைம்ஸ்டாம்ப் பரவும், ஆனால் இயல்பு அமைப்பில் 14 நாள் வரை பின்தங்கியிருக்கலாம். ஆகவே 30 நாள் போன்ற குறுகிய வரம்போடு முடக்காதீர்கள், 90 நாள் பாதுகாப்பானது. புதிதாக உருவாக்கி இன்னும் நுழையாதவர்களுக்கு இரண்டும் காலியாக இருக்கும். உருவாக்கிய தேதியையும் சேர்த்துப் பார்க்கவில்லை என்றால் நாளை சேரப்போகிறவர்களும் முடக்கப்படுவார்கள்.

ஓயூ மாற்றியபின் மேகக்கணிக்கு ஒத்திசைவு நின்றுவிட்டது

ஒத்திசைவு வரம்புக்கு வெளியே உள்ள ஓயூ-வுக்கு ஆட்களை நகர்த்தினால், மேகக்கணியோடு ஒத்திசைக்கும் கருவியான என்ட்ரா கனெக்ட் அதை நீக்கமாகவே எடுத்துக்கொள்ளும். ஒரே சுற்றில் 500 பொருள்களுக்கு மேல் நீக்கம் வந்தால் ஏற்றுமதியை நிறுத்திவிடும். அந்தத் தடுப்பை அணைத்துவிட்டு ஓட்டத் தோன்றும், அணைக்காதீர்கள். நீக்கப் பட்டியலைத் திறந்து பாருங்கள். எதிர்பாராத பெயர்கள் இருந்தால் ஆட்களைப் பழைய ஓயூ-வுக்கு நகர்த்தி, டெல்டா சுற்று (மாற்றங்களை மட்டும் எடுக்கும் ஒத்திசைவு) ஒன்றை ஓட்டுங்கள்.

பழையபடி வேண்டும்

ஆக்டிவ் டைரக்டரியின் ரீசைக்கிள் பின் என்ற வசதி, நீக்கப்பட்ட பொருள்களை மீட்கும், மாற்றப்பட்ட மதிப்புகளை மீட்காது. ஷோஆப்ஜ்மெட்டாவும் எப்போது மாறியது என்று சொல்லுமே தவிர, முன்பு என்ன இருந்தது என்று சொல்லாது. தணிக்கையை முன்பே இயக்கியிருந்தால் 5136 நிகழ்வுகளில் பழைய மதிப்பும் புதிய மதிப்பும் கிடைக்கும். என்டிடிஎஸ்யூடில் கொண்டு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருந்தால், டிஎஸ்ஏமெயின் மூலம் அதை வேறொரு போர்ட்டில் ஏற்றிப் பழைய மதிப்புகளைப் படித்துக்கொள்ளலாம். இவை இரண்டும் இல்லை என்றால், கையில் இருக்க வேண்டியது மாற்றத்துக்கு முன் எடுத்த கோப்புதான்.

அந்தக் கோப்பை சிஎஸ்வி-யாக எடுத்தால் பிராக்ஸிஅட்ரசஸ் போன்ற பல மதிப்புப் பண்புகளின் இடத்தில் மதிப்புகள் இருக்காது, அந்தத் தொகுப்பின் வகைப் பெயர் மட்டும் பதிவாகும். எக்ஸ்போர்ட்-கிளிக்ஸ்எம்எல் பயன்படுத்தினால் எல்லா மதிப்பும் வகை மாறாமல் நிற்கும். கோப்பின் பெயரில் தேதியும் நேரமும் சேருங்கள், அடுத்த ஓட்டம் முந்தையதை அழிக்காது. ஆட்களை அடையாளம் காண ஆப்ஜெக்ட்ஜியூஐடி-யை (ஒவ்வொரு கணக்குக்கும் உள்ள தனி அடையாள எண்) சேமியுங்கள், உள்நுழைவுப் பெயரே மாறியிருந்தாலும் அது மாறாது. திருப்பி எழுதும்போது, இன்றைய மதிப்பு உங்கள் ஸ்கிரிப்ட் எழுதிய மதிப்பாகவே இருக்கிறதா என்று ஒவ்வொருவருக்கும் ஒப்பிட்டு, அப்படி இருந்தால் மட்டும் பழையதை எழுதுங்கள். இல்லையென்றால் நடுவில் யாரோ கையால் சரிசெய்திருக்கிறார்கள். அந்தக் கணக்கைத் தனிப் பட்டியலில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.